மூன்று காடைகள்

மாட்டுங்காவில் இருக்கும் அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மாரிசெல்வி துப்புரவு வேலைக்குச் சேர்ந்தது வயிற்றுப்பாட்டுக்காக அல்ல. தாராவியில் தோல் பை தைக்கிற வேலை அவளுக்குக் கைநிறைய இருந்தது. அவள் தையல் என்றால் பட்டறைக்காரர்கள் வீடு தேடி வந்து சரக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை உதறிவிட்டு, காண்ட்ராக்டர் கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, 2010 ஜூன் மாத மழையில் நனைந்தபடி அவள் அந்த கேட்டுக்குள் நுழைந்தது ஒரே காரணத்துக்காக. அங்கே டைரக்டராக உட்கார்ந்திருந்த டாக்டர் சுரேந்திரனை ஒழிக்க வேண்டும். எப்படி என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. பக்கத்திலேயே கிடந்தால் ஒரு நாள் வழி கிடைக்கும் என்று நம்பினாள். வாயில் ‘சார்’, மனசுக்குள் ‘அவன்’. பதின்மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது.

அவள் வீட்டுக்காரர் இசக்கிராஜ் அதே கட்டடத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். செத்த பறவைகளை உரித்து, பஞ்சு அடைத்து, பாடம் செய்வது அவர் வேலை.

அந்தக் கட்டடம் முதலில் ஒரு பார்சிப் பருத்தி வியாபாரியின் பங்களா. மனிதருக்கு வேட்டைப் பைத்தியம். கொங்கண் காடுகளில் சுட்டதையெல்லாம் பாடம் செய்து ஹாலில் அடுக்கி, 1904-இல் ஊருக்குத் திறந்துவிட்டார். பிறகு மற்றவர்களும் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். கப்பல் கேப்டன்கள் சங்கும் சிப்பியும் கொடுத்தார்கள். ரயில் பாதை போட்ட இன்ஜினீயர்கள் வழியில் அடித்த பாம்புகளைச் சாராய ஜாடியில் போட்டு அனுப்பினார்கள். ஒரு கலெக்டரின் மனைவி, தான் முப்பது வருஷம் பிடித்த வண்ணத்துப்பூச்சிகளை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினாள். வெர்சோவா கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புகள் மாட்டுவண்டிகளில் வந்து சேர்ந்தன. அதைத் தொங்கவிட இரண்டு சுவர்களை இடிக்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு டிரஸ்ட் பொறுப்பேற்றது. பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பது கீழே உள்ள கண்ணாடிப் பெட்டிகளை மட்டும்தான். உண்மையான சொத்து மாடியில், பூட்டிய ஸ்டோர் அறையில் இருந்தது. பன்னிரண்டாயிரம் பறவைத் தோல்கள், இழுப்பறை இழுப்பறையாக, மல்லாக்கப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு லேபிள். பறவையின் பேர், கிடைத்த இடம், தேதி, சுட்டவர் பேர். உரித்துத் தைத்தவன் பேர் மட்டும் எதிலும் கிடையாது.

சுரேந்திரன் அப்போது பறவைப் பிரிவின் தலைவன். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா பேங்க் ஆபீசர். இசக்கிராஜோடு தமிழில்தான் பேசுவான். ‘நம்ம இசக்கி’ என்று தோளில் கை போடுவான். அந்தக் கை இசக்கிராஜுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சொல்லுவார்.

1998 ஜனவரியில் சுரேந்திரன் ஒரு தட்டில் மூன்று காடைகளை வைத்துக்கொண்டு வந்தான். செம்பிடரிக் காடை என்று பேர். 1911-இல் பங்களாக்காரர் ஐந்து பறவைகள் சுட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த இனத்தை உலகத்தில் யாருமே பார்க்கவில்லை.

“இசக்கி, இது மூணும் கெட்டுப்போயிட்டிருக்கு. பிரிச்சு, சுத்தம் பண்ணி, புதுப் பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடு. ரெஜிஸ்டர்ல நான் எழுதிக்கறேன்” என்றான்.

இசக்கிராஜ் பத்து நாள் எடுத்துச் செய்தார். பழைய தோல்களில் அந்தக் காலத்தில் பாஷாணம் தடவி வைப்பார்கள். அதில் அவர் விரல்நுனியெல்லாம் உரிந்துபோனது. சாப்பாட்டுத் தட்டில் கை வைக்க முடியாமல் மாரிசெல்விதான் ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள்.

“ஏட்டி செல்வி, அந்தக் குருவி ஒடம்பு பூரா ஈய ரவைட்டி. அந்தக் காலத்துத் துப்பாக்கி. வெளிய தெரிஞ்சதெல்லாம் பொறுக்கி எடுத்துட்டேன். செறகு எலும்புக்குள்ள மாட்டுனது மட்டும் வரல. தோண்டுனா ஒடிஞ்சிரும். உள்ளயே விட்டு மூடிட்டேன்” என்றார். ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ரசம் ஊற்றினாள்.

ஏப்ரலில் பேப்பரில் போட்டோ வந்தது. சுரேந்திரன் தட்டில் மூன்று காடைகளோடு சிரித்துக்கொண்டிருந்தான். எண்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு செம்பிடரிக் காடையைத் தெற்குக் கொங்கண் மலையில் கண்டுபிடித்துவிட்டானாம். வலை விரித்துப் பிடித்தானாம். மூன்றும் வலையிலேயே செத்துவிட்டனவாம். கூடாரத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே உரித்துப் பாடம் செய்தானாம். வெளிநாட்டுப் பத்திரிகையில் அவன் கட்டுரை வந்திருந்தது.

இசக்கிராஜ் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “இது நான் தைச்சதுளா” என்றார்.

இப்போது சொல்லப் போவதை மாரிசெல்வி பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவரைப் பேசவிடாமல் தடுத்தது அவள்தான். இசக்கிராஜ் இன்னும் தினக்கூலி. தீபாவளிக்குள் பெர்மனன்ட் ஆக்கிவிடுவதாகச் சுரேந்திரன் வாக்குக் கொடுத்திருந்தான். “பெரிய எடத்து வெவகாரம் நமக்கு என்னத்துக்கு? ஆர்டர் கைக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயத் தெறக்காதீய” என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

தீபாவளி வந்தது. ஆர்டர் வரவில்லை. டிசம்பரில் இசக்கிராஜ் அவன் அறைக்குப் போய் நேராகக் கேட்டார், வேலையைப் பற்றியும் காடைகளைப் பற்றியும். சுரேந்திரன் கோபப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, “பொறு இசக்கி, பார்க்கலாம்” என்றான். பத்தாவது நாள் ஸ்டோரில் திடீர்ச் சோதனை. பதிவேட்டில் 1911-ஆம் வருஷத்துக் காடைகள் ஐந்து, இழுப்பறையில் இரண்டு. மூன்றைக் காணவில்லை. சாவி யாரிடம் இருந்தது? இசக்கிராஜிடம்.

மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அடித்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டாயா என்று கேட்டார்கள். காடைகள் மாடியிலேயே வேறு லேபிளோடு கிடக்கின்றன என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் சாட்சி இல்லை என்று விட்டார்கள். ஆனால் வேலை போயிற்று. செய்தி தாராவிக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சந்தில் விளையாடுகிற பிள்ளைகள் அவரைப் பார்த்து “சிடியா சோர், சிடியா சோர்” என்று கத்தின. எட்டு வயசு கீதா ஸ்கூல் போக மாட்டேன் என்று அழுதாள். பறவைத் திருடன் மகள் என்று அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இசக்கிராஜ் அதற்குப் பிறகு அம்பர்நாத்தில் ஒரு ஆலைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். விடியற்காலை ரயிலுக்குப் போய்விடுவார்; சந்தில் ஆள் நடமாடும் முன் கிளம்புவதற்காக. 2006-இல் டூட்டியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுடுகாட்டில் இருந்து திரும்பும்போது யாரோ பின்னால், “யாருப்பா அது?” என்று கேட்க, “அதான், அந்த மியூசியம் கேஸு” என்று இன்னொருவன் சொன்னது மாரிசெல்வியின் தம்பி காதில் விழுந்தது. அவன் அதை அக்காவிடம் வந்து சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டான்.

நான்கு வருஷம் பொறுத்து, கீதாவை விக்ரோலியில் கட்டிக்கொடுத்த கையோடு, அவள் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனாள். ஆதாரத்துக்குப் பழைய ஸ்கூல் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தாள். அதில் மாரிசெல்வி, தகப்பன் பேர் சுடலைமுத்து. இசக்கிராஜின் பேர் எங்கேயும் இல்லை. சுரேந்திரன் அவளை முன்னே பின்னே பார்த்தவன் அல்ல.

எல்லோரும் அவளை மௌசி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டார்கள். திமிங்கிலத்தின் அடியில் கூட்டினாள். புலியின் கண்ணாடியைத் துடைத்தாள். ஜாடிப் பாம்புகளின் மேல் தூசி தட்டினாள். டைரக்டர் அறையையும் அவனுக்கு டீ கொடுக்கிற வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் குப்பைக்கூடையில் கிடந்த காகிதங்களை விரித்துப் பார்ப்பாள். இங்கிலீஷ் எழுத்துகளைப் பறவை லேபிள்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு நாள் அவன் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டே கேட்டான்.

“எந்த ஊர் மௌசி நீங்க?”

“திருநவேலி பக்கம், சார்.”

“அப்படியா? இங்க முன்னாடி உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான். நல்ல வேலைக்காரன். ஆனா கை சுத்தம் கிடையாது.”

மாரிசெல்வி மேஜையில் உதிர்ந்திருந்த பிஸ்கட் தூளைத் துணியால் வழித்து எடுத்தாள். “அப்படியா சார்” என்றாள். மறுநாளும் வழக்கம்போல வந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றுகிற மாதிரி தினமும் ஒரு தடவை மனசுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டோர் அறைக்குள் அவளை விட மூன்று வருஷம் ஆயிற்று. பாச்சா உருண்டை மாற்றுகிற ஆள் வேலையை விட்டுப் போனபோது, நம்பிக்கையானவள் என்று அவளிடம் கொடுத்தார்கள். அதில் அவளுக்கு ஒரு கசப்பான சிரிப்பு வந்தது. முதல் வாரமே காடை இழுப்பறையைத் திறந்தாள். 1998 என்று லேபிள் கட்டிய மூன்றையும் கையில் எடுத்து வயிற்றுப் பக்கம் இறகை விலக்கினாள். இசக்கிராஜ் இடது கைக்காரர். வாலடியில் தொடங்கி நெஞ்சு வரை தைத்து, கடைசி முடிச்சை இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஊசி பிடித்தே ஆளான மாரிசெல்விக்கு அந்தத் தையலைத் தெரியாதா? அவர் கையைத் தொடுவது போல இருந்தது.

அந்த அறையில் தோலை அரிக்கிற குட்டி வண்டுகள் உண்டு. ஒரு இழுப்பறையில் உருண்டை போடாமல் விட்டால் போதும், ஆறே மாதத்தில் உள்ளே வெறும் எலும்பும் தூளும்தான் மிஞ்சும். அவன் பெருமையெல்லாம் அந்த மூன்று குருவியில்தானே இருக்கிறது, தின்னட்டும் என்று அவளுக்கு ஒரு தடவை தோன்றியது. உடனே தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். சாட்சி சொல்ல இருப்பதே அந்த மூன்றுதான். அன்றிலிருந்து அந்த இழுப்பறைக்கு மட்டும் இரண்டு மடங்கு உருண்டை போட்டாள். எதிரி உயிரோடு இருக்க வேண்டும், காடையும் பத்திரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? தரை துடைப்பவள் பேச்சை எவன் நம்புவான்? வருஷங்கள் போயின. 2015-இல் சுரேந்திரன் ரிட்டயர் ஆனான். ஆனால் போகவில்லை. கௌரவ ஆலோசகர் என்று அதே அறையில் உட்கார்ந்துகொண்டான். பறவைக் கூடத்துக்கு அவன் பேரையே வைத்தார்கள். நூற்று இருபதாவது ஆண்டு வரப்போகிறது என்று அருங்காட்சியகத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் பொறுப்பும் அவனுக்கே வந்தது.

அந்தப் புத்தகத்துக்காகத்தான் 2023-இல் சஃபீனா வந்தாள். முப்பது வயசு இருக்கும். காயல்பட்டினத்துக் குடும்பம்; தாதரில் ஜவுளிக் கடை. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சேகரிப்பு முழுவதையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. கூடவே ஒரு எக்ஸ்ரே மிஷின் கொண்டுவந்திருந்தாள். மீனையும் ஓணானையும் அறுக்காமலே உள்ளெலும்பைப் பார்க்கலாம். மாரிசெல்வி தட்டுகளைச் சுமந்துபோய் வைப்பாள். திரையில் எலும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெளிவதைப் பின்னால் நின்று பார்ப்பாள்.

மூன்றாவது நாள் ஒரு பழைய வாத்தைப் படம் எடுத்தபோது, உடம்புக்குள் பளீரென்று நாலைந்து புள்ளிகள் தெரிந்தன.

“இது என்னம்மா?”

“ரவை மௌசி. ஈயம். ஷூட் பண்ணினது உள்ளேயே நின்னுடும்ல, அது நூறு வருஷமானாலும் இப்படித்தான் தெரியும்.”

மாரிசெல்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ரசம் ஊற்றிக்கொண்டே காதில் வாங்கிய பேச்சு அவளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் திரும்பக் கேட்டது.

“மௌசி, க்யா ஹுவா? என்ன ஆச்சு? தண்ணி தரட்டா?”

“தண்ணி வேண்டாம் தாயி. காடை டிராயரக் கொண்டு வாரேன். அந்த அஞ்சையும் படம் எடு.”

“காடை லிஸ்ட்லயே இல்லையே. ஏன்?”

“எடு. அப்புறம் சொல்லுதேன்.”

சஃபீனா எடுத்தாள். 1911-ஆம் வருஷத்து இரண்டிலும் ரவை இருந்தது. அது இயல்புதான். பிறகு 1998-ஆம் வருஷத்து மூன்றையும் வரிசையாக வைத்தாள். ஒன்றில் ஏதுமில்லை. இரண்டாவதன் இடது சிறகெலும்பில் ஒரு புள்ளி. மூன்றாவதன் தோளருகே இரண்டு. சஃபீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“இது வலையில பிடிச்ச பறவை மௌசி. சாரோட பேப்பர்ல தெளிவா இருக்கு. ஷூட் பண்ணவே இல்லை.”

“வலையில ரவை மாட்டுமா?”

மாரிசெல்வி அப்போதுதான் தான் யார் என்று சொன்னாள். ஜனவரி, ஏப்ரல், டிசம்பர், ஸ்டேஷன், அம்பர்நாத் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள். மாரிசெல்வி அழவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு மௌசி. என் காண்ட்ராக்ட்டே சார் சைன் பண்ணினதுதான்.”

“ஒனக்குப் பயம்னா படத்த எங்கிட்ட குடு. நான் கேட்டுக்கு வெளிய ஒட்டுதேன்.”

சஃபீனா படங்களைக் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் டிரஸ்ட் தலைவிக்கும் அன்று மதியமே அனுப்பிவிட்டாள்.

செய்தி இரண்டு நாளில் சுரேந்திரன் காதுக்குப் போயிற்று. அவன் ஸ்டோர் அறைக்கே வந்தான். எழுபது வயசிலும் சட்டை மடிப்புக் கலையாத ஆள். கதவைச் சாத்திவிட்டு அவளை முதல் தடவையாக முகம் பார்த்துப் பேசினான்.

“இசக்கியோட ஒய்ஃபா நீ? இத்தனை வருஷம் எனக்கு டீ குடுத்தியே.”

“ஆமா சார். ஒரு நாள்கூட அதுல எதுவும் கலக்கல. நீங்க நல்லா இருக்கணும்னுதான் கும்பிட்டேன். இந்த நாளப் பாக்காம போயிரக் கூடாதுல்ல.”

அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு குரலைத் தழைத்துக்கொண்டான். “இதோ பார், நடந்தது நடந்துபோச்சு. புத்தகம் பிரஸ்ஸுக்குப் போயாச்சு, நிறுத்தி ஒரு சாப்டர் சேர்க்கறேன். இசக்கியைப் பத்தி. போட்டோவோட. நூறு வருஷமா தைச்சவங்க யார் பேரும் எழுதினதில்லை. முதல் பேர் அவனோடதா இருக்கும். என்ன சொல்றே?”

“அவிய பேரு நீங்க எழுதித்தான் தெரியணுமா? அது வேண்டாம் சார். ஒங்க பேரு போகணும். அது போதும் எனக்கு.”

“எட்டு மாசம் உன் புருஷனும் வாயை மூடிட்டு இருந்தான், தெரியுமா? ஆர்டர் வரும்னு காத்திருந்தான். அவனும் கூட்டுத்தான்னு நான் சொன்னா?”

அடி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. மாரிசெல்வி இழுப்பறைப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“வாய மூடச் சொன்னது நாந்தான்” என்றாள். “அவிய இல்ல. அந்தப் பாவத்துக்குத்தான் பதிமூணு வருசமா ஒங்க எச்சிக் கிளாஸக் கழுவுனேன். என் தண்டனைய நான் அனுபவிச்சுட்டேன். ஒங்களோடத நீங்க வாங்கிக்கோங்க.”

விசாரணைக் கமிட்டியில் மூன்று பேர். நடுவில் டிரஸ்ட் தலைவி, பங்களாக்காரரின் பேத்தி முறை. வயதான பார்சிப் பெண்மணி. சுரேந்திரன் தயாராக வந்திருந்தான். லேபிள்களை மாற்றிக் கட்டியது இசக்கிராஜாகத்தான் இருக்க வேண்டும், தான் மலையில் பிடித்த நிஜக் காடைகளைத்தான் அவன் திருடியிருப்பான் என்றான். செத்தவன் தலையில் இரண்டாவது தடவையும் போட்டான். மாரிசெல்வி எதிர்பார்த்ததுதான். இசக்கிராஜ் 1994-இல் பாடம் செய்ததாகப் பதிவேட்டின் ஓரத்தில் கூலிக் கணக்குக்காக எழுதிய குறிப்பு இருந்த ஒரு செம்போத்தை அவள் தட்டில் கொண்டுவந்திருந்தாள். காடைகளைப் பக்கத்தில் வைத்து, தையலையும் இடப்பக்க முடிச்சையும் காட்டினாள். கூடாரத்தில் உட்கார்ந்து தன் கையால் தைத்ததாகக் கட்டுரையில் எழுதியவன், 1998 ஏப்ரலில் பத்திரிகைக்குக் கொடுத்த நெருங்கிய படத்திலேயே அதே முடிச்சு இருந்தது. சஃபீனா அதைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கிளாஸைத் தேடினான்.

பார்சிப் பெண்மணி இந்தியில் கேட்டாள்: “இவ்வளவு வருஷம் ஏன் வந்து சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா மேடம்? இன்றைக்கும் நான் சொல்லி நீங்கள் நம்பவில்லை. மிஷின் சொல்லித்தான் நம்புகிறீர்கள்” என்று மாரிசெல்வியும் இந்தியிலேயே சொன்னாள். பிறகு சுரேந்திரன் பக்கம் கை நீட்டினாள். “என் புருஷனை ஊரே சிடியா சோர் என்றது. அந்தத் திருடன் இதோ உட்கார்ந்திருக்கிறான்.” யாரும் அவள் கையைத் தாழ்த்தச் சொல்லவில்லை. அவளாகத் தாழ்த்தும் வரைக்கும் நீட்டிக்கொண்டே நின்றாள்.

கட்டுரையைப் பத்திரிகை திரும்பப் பெற்றுக்கொண்டது. செம்பிடரிக் காடை மறுபடி 1911-இல் மறைந்த பறவையாயிற்று. பறவைக் கூடத்தின் வாசலில் இருந்த பித்தளை எழுத்துகளை ஏணி போட்டுக் கழற்றினார்கள். கீழே விழுந்த சுண்ணாம்பைக் கூட்ட வேறொரு பெண் துடைப்பத்தோடு வந்தாள். மாரிசெல்வி அதைப் பிடுங்கிக்கொண்டு தானே கூட்டினாள். அவசரமே இல்லாமல், ஒரு தூள் விடாமல்.

அச்சான வரலாற்றுப் புத்தகம் ஆயிரம் பிரதி மூட்டை மூட்டையாக தாராவியில் ஒரு பழைய பேப்பர் கோடவுனுக்குத்தான் வந்தது. அவள் அங்கே போய்க் காலையில் இருந்து மதியம் வரை நின்றாள். அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த அவன் முகத்தோடு புத்தகங்களை அட்டை வேறு, தாள் வேறாகக் கிழித்துப் போடுவதைப் பார்த்தாள். அங்கே வேலை செய்த பெண், “க்யா டூண்ட் ரஹி ஹோ?” என்று கேட்டாள். எதையும் தேடவில்லை, வேடிக்கை பார்க்கிறேன் என்றாள் மாரிசெல்வி.

ஆனால் போலீஸ் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. நிறுவனத்தின் பேர் கெட்டுவிடும், வயசான மனிதர், போகட்டும் என்று டிரஸ்ட் முடிவு செய்தது. இசக்கிராஜ் திருடவில்லை என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார்கள். அவள் அதை ஐம்பது ஜெராக்ஸ் எடுத்துச் சந்து முழுக்க வீடு வீடாகப் போனாள். அன்றைக்கு அவரைப் பார்த்துக் கத்திய பிள்ளைகளுக்கு இப்போது தொப்பையும் பிள்ளை குட்டியும் இருந்தன. இங்கிலீஷ் தெரியாதவனுக்கு அவளே இந்தியில் சொல்லிக்கொடுத்து, அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தாள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். அதை அவள் காதில் வாங்கவில்லை. சொல்லிவிட்டாயா, சரி, அடுத்த வீடு.

சுரேந்திரன் காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் நடந்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்காருவது வழக்கம். மாரிசெல்வி வேலைக்குப் போகிற பாதையை மாற்றிக்கொண்டாள். தினமும் அவன் எதிரே போய் நின்று, கூட நடக்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “வணக்கம் சார்” என்பாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடச் சேர்க்க மாட்டாள். அவன் பெஞ்சை மாற்றினான். அவள் கண்டுபிடித்தாள். நேரத்தை மாற்றினான். அதையும் கண்டுபிடித்தாள். இரண்டு மாதத்தில் அவனோடு நடந்துகொண்டிருந்த நண்பர்கள் வேறு பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு நாள் பெஞ்ச் காலியாக இருந்தது. மாட்டுங்கா வீட்டைப் பூட்டிவிட்டுச் செம்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று இளநீர்க்காரன் சொன்னான்.

கீதா போனில் சத்தம் போட்டாள். “அம்மா, பஸ் கரோ, போதும் இப்ப. கட்டுரை போச்சு, பேர் போச்சு, எல்லாம் கெடச்சாச்சு. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?”

“அவியளுக்கு மூணு நாள் அடி விழுந்துது. இவனுக்கு ஒரு நாளாவது விழுந்துதா?”

“அதுக்காக நீ செம்பூர் வரைக்கும் போவியா?”

“பஸ்ஸு போகுதுல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். செம்பூரில் அவன் மகன் இருக்கிற கட்டடத்தை விசாரித்துக் கண்டுபிடிக்கப் பாதி நாள் ஆயிற்று. சாயங்காலம் கட்டடத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். ஷேவ் செய்யவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவன் முடியாமல் அப்படியே உட்கார்ந்தான்.

“இன்னும் என்ன வேணும் உனக்கு?” என்றான், குரல் உடைந்து.

“ஒண்ணும் வேண்டாம் சார். வணக்கம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கைகூப்பி, “வணக்கம் சார்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, திரும்பி நடந்து, ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். நல்ல பசி. இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு கீதாவின் மகளுக்குக் காது குத்து. செம்பூருக்குப் போக முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனாள்.